விசாவுக்குப் புள்ளி உண்டு, வேலைக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் இரண்டு ரகம். விசா கிடைக்குமா என்பவை ஒன்று. விசா வாங்கிப் போய் இறங்கியபின் வேலை ஏன் கிடைக்கவில்லை என்பவை இன்னொன்று. இரண்டையும் கலந்தே வைத்திருக்கிறோம். இரண்டாவது ரகத்துக் கேள்விகள் பலவற்றின் வேர் முதல் ரகத்தில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் தொழிலை மட்டும் போட்டிருக்கிறோம். விதிகள் அடிக்கடி மாறுபவை; பணம் கட்டுமுன் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வயது 33, மணமாகவில்லை. மாஸ்டர்ஸ் முடித்து 6 வருட அனுபவம். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல் 8, வாசித்தல் 7, பேசுதல் 7, எழுதுதல் 6.5. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் தரவரிசையில் 389 புள்ளிதான் வருகிறது. இன்னொரு மாஸ்டர்ஸ் செய்தால் ஏறுமா? – மென்பொருள் சோதனையாளர்

பதில்: ஒரு புள்ளிகூட ஏறாது. மாஸ்டர்ஸுக்கு 135, இரண்டு மாஸ்டர்ஸுக்கும் அதே 135. முனைவர் பட்டம் வாங்கினால் 150, அதாவது 15 கூடும். அதை முடிப்பதற்குள் வயதுக்கான புள்ளியில் அதைவிட அதிகம் போய்விடும்.

உங்கள் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வயதுக்கு 88, படிப்புக்கு 135. மொழியில் மூன்று திறன்கள் சிஎல்பி (கனடிய மொழித்திறன் அளவுகோல்) 9-இல் இருப்பதால் தலா 31, எழுத்து மட்டும் சிஎல்பி 8 என்பதால் 23, ஆக 116. பிறகு 'திறன் மாற்றம்' என்ற பகுதி. படிப்பும் மொழியும் சேர்ந்து ஒரு தொகுதி, வெளிநாட்டு அனுபவமும் மொழியும் சேர்ந்து இன்னொரு தொகுதி. நான்கு திறன்களும் சிஎல்பி 9-ஐத் தொட்டால் இவை தலா 50. ஒன்றே ஒன்று 8-இல் நின்றாலும் தலா 25. எழுத்தில் அந்த அரை பேண்டால் நீங்கள் இழப்பது மொழியில் 8, இங்கே 25-ம் 25-ம், மொத்தம் 58. எழுதுதலில் 7 வாங்கினால் 389 அப்படியே 447 ஆகும். இரண்டு வருடப் படிப்புச் செலவு தராததை அந்த அரை பேண்ட் தருகிறது.

சிஎல்பி 9-க்கு கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். அதற்கு மேல் சிஎல்பி 10 வரை போனாலும் உங்களுக்குக் கூடுவது 12 புள்ளிதான். அதற்காக நான்காம் தடவை பரீட்சை எழுத வேண்டாம். எழுத்தில் மட்டும் அரை பேண்ட் குறைந்தவர்கள் முதலில் மறுமதிப்பீடு கேட்டுப் பார்க்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பும். செல்பிப், பிடிஇ கோர் ஆகிய பரீட்சைகளையும் கனடா ஏற்கிறது. கணினியில் வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு அவை சிலசமயம் தோதாக அமையும்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அண்மை ஆண்டுகளில், அழைப்பு அனுப்பும் பொதுச் சுற்றுகளின் கட்-ஆஃப் 500-ஐத் தாண்டித்தான் நின்றிருக்கிறது. 447 உங்களை வரிசையில் முன்னே நகர்த்தும், அழைப்பு வாங்கித் தராது. அடுத்த இரண்டு வழிகள் மாகாண நியமனமும் பிரெஞ்சும். ஒரு மாகாணமே உங்களைத் தேர்ந்து முன்மொழிவதுதான் மாகாண நியமனம்; அது 600 புள்ளி தரும். கிடைத்தால் கதை முடிந்தது. பிரெஞ்சில் நான்கு திறனிலும் 7-ஆம் நிலை எடுத்தால் கூடுதலாக 50, இரண்டாம் மொழிக்கு 12, ஆக 62. அதோடு 2023 முதல் பிரெஞ்சு பேசுவோருக்குத் தனிச் சுற்றுகள் நடக்கின்றன, அவற்றின் கட்-ஆஃப் பொதுச் சுற்றைவிடக் கணிசமாகக் குறைவு. அடியிலிருந்து தொடங்கி 7-ஆம் நிலையை எட்ட வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு ஒன்றரை வருடமாவது பிடிக்கும். அந்த ஒன்றரை வருடத்தில் வயதுக்கான புள்ளி 5-ஓ 11-ஓ குறையும், அதைக் கழித்தாலும் லாபம்தான். 40 வயதைத் தாண்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். அங்கே வருடத்துக்கு 11 வீதம் கரைகிறது.

கேள்வி: 14 வருடம் கட்டடத் துறையில் இருந்தேன். நிரந்தர வசிப்புரிமையோடு டொரன்டோ வந்து எட்டு மாதம். எங்கே போனாலும் 'கனடிய அனுபவம் உண்டா' என்கிறார்கள். அனுபவத்துக்குப் புள்ளி கொடுத்துத்தானே கூட்டிவந்தார்கள்? – சிவில் பொறியாளர்

பதில்: புள்ளி கொடுத்தது அரசு. சம்பளம் கொடுப்பது வேறொருவர். இந்த இடைவெளிதான் உங்கள் எட்டு மாதம்.

புள்ளிமுறையின் கண்ணுக்கு எந்த நாட்டில் பார்த்த மூன்று வருட வேலையும் ஒன்றுதான். வேலைக்கு எடுப்பவரின் கண்ணுக்கு அப்படியில்லை. கனடாவில் 1980-களுக்குப் பிறகு வந்தவர்களின் தொடக்கச் சம்பளம் முந்தையவர்களைவிடச் சரிந்தது ஏன் என்று பார்த்த பொருளியல் ஆய்வுகள், வெளிநாட்டு அனுபவத்துக்குக் கிடைக்கும் பலன் ஏறத்தாழ மறைந்துபோனதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டின. டொரன்டோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஓரியோபொலஸ், கற்பனையாகத் தயாரித்த 13,000 அளவிலான ரெஸ்யூமேக்களை டொரன்டோ பகுதி வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே; பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர்களுக்கு 100-க்கு 16 அழைப்பு, இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு 11. அனுபவமும் வெளிநாட்டுடையதானால் இன்னும் கீழே. சரளமான மொழியறிவு, பன்னாட்டு நிறுவன அனுபவம், பெயர்பெற்ற கல்லூரி என்று எதைக் குறிப்பிட்டாலும் அந்த இறக்கம் சரியாகவில்லை.

நியாயமில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆய்வு உங்களுக்குக் கைகொடுக்கும் ஒன்றையும் சொல்கிறது: வேலைக்கு எடுப்பவர்கள் கனடியப் படிப்பைவிடக் கனடிய வேலையைத்தான் வெகுவாக மதிக்கிறார்கள். ஆகவே 'இங்கே ஒரு மாஸ்டர்ஸ் போட்டுவிடுகிறேன்' என்று கிளம்பாதீர்கள். துறைக்குள்ளேயே ஒரு படி கீழான முதல் வேலையைப் பிடிப்பதற்கு அந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவிடுங்கள். சிவிலில் எஸ்டிமேட்டர், கணினியில் வரைபடம் போடும் கேட் டெக்னீஷியன், கள ஒருங்கிணைப்பாளர் போன்ற பதவிகள் அப்படிப்பட்டவை.

ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் நிறுவனங்கள் வெளிப்படையான வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்கக்கூடாது. விளம்பரத்திலிருந்து வரி போகும். நேர்காணல் நடத்துபவரின் மனத்திலிருந்து போக நாளாகும். அதுவரை ரெஸ்யூமேதான் ஆயுதம்.

நீங்கள் இணைத்தனுப்பிய ரெஸ்யூமே ஐந்து பக்கம். தந்தை பெயர், பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் இருக்கிறது. அவற்றை எடுத்துவிடுங்கள், இரண்டு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். 'கட்டுமானப் பணிகளை மேற்பார்வை செய்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பவருக்கு இது எதையும் சொல்லவில்லை. '14 மாடிக் குடியிருப்பு, 22 மாதம், மூன்று துணை ஒப்பந்ததாரர்கள். கம்பி கட்டும் வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தது நான்' என்றால் ஆள் கண்முன் நிற்கிறார். பழைய நிறுவனத்தின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பெயருக்குக் கீழே எத்தனை ஊழியர், என்ன கட்டுகிறார்கள் என்று ஒரே வரி. 'துணை மேலாளர், இரண்டாம் நிலை' போன்ற பதவிப் பெயரை அந்த ஊரில் அதே வேலைக்கு வழங்கும் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். பரிந்துரை சொல்பவர்களின் அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள், இலவச மின்னஞ்சல் வேண்டாம். நேர வித்தியாசத்தால் தொலைபேசியை எடுக்காதவரைப் பரிந்துரையாளராகப் போட்டுக் கடைசிப் படியில் வேலையை இழப்பது சகஜமாக நடக்கிறது.

கேள்வி: இந்தப் புள்ளிமுறையை யார் கண்டுபிடித்தார்கள்? ஏன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்? – கல்லூரி மாணவி

பதில்: முதலில் செய்தது கனடா, 1967-இல். அதற்குமுன் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதைப் பார்த்து எடுத்தார்கள். அதை ஒழித்து, படிப்பு, மொழி, வயது, தொழில் என்று அளக்கத் தொடங்கினார்கள். 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆஸ்திரேலியா 1979-இலும் நியூசிலாந்து 1991-இலும் அந்த வழிக்கு வந்தன.

மாற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், அளந்ததும் கிடைத்ததும் ஒத்துப்போகவில்லை என்பது. 2002-இல் கனடா தன் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட தொழிலைவிடப் படிப்புக்கும் மொழிக்கும் எடை கூட்டியது. படித்தவர்கள் வந்தார்கள், வாடகைக் கார் ஓட்டினார்கள். 2008-இல் உள்நாட்டில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்குத் தனிப் பிரிவு. 2015-இல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. 2023-இல் தொழில்வாரிச் சுற்றுகள். ஒவ்வொன்றும் வேலைக்கு எடுப்பவரின் கண்ணுக்கு அரசின் கண்ணைக் கொஞ்சம் அருகில் கொண்டுபோகும் முயற்சி.

ஆஸ்திரேலியா வேறு விதமாக யோசித்தது. 1990-களின் இறுதியில், வருவதற்கு முன்பே ஆங்கிலப் பரீட்சையும் தொழில்துறை அமைப்பின் தகுதி மதிப்பீடும் கட்டாயம் என்றது. இறங்கிய ஆறு மாதத்தில் வேலைக்குப் போனவர்களின் விகிதம் கண்கூடாக ஏறியது. எங்கள் பார்வையில் இதுவரை எந்த நாடு செய்த திருத்தத்திலும் இதுதான் புத்திசாலித்தனமானது. ஏமாற்றத்தை விமானம் ஏறுமுன்பே சொல்லிவிடுகிறது. பிரிட்டன் 2002-இல் வேலை கையில் இல்லாதவருக்கும் புள்ளி கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தது, பத்து வருடத்துக்குள் கதவைச் சாத்தியது. இப்போது அங்கே 70 புள்ளி என்று சொன்னாலும் ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் இல்லாமல் ஒன்றும் நகராது. பெயர்தான் புள்ளிமுறை.

கேள்வி: படிப்பை மதிப்பிட்டுத் தரும் இசிஏ சான்றிதழ் வந்துவிட்டது, என் பட்டம் கனடிய பட்டத்துக்குச் சமம் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் போனதும் வேலை பார்க்கலாம்தானே? – செவிலியர்

பதில்: பார்க்க முடியாது. இந்த ஒரு குழப்பத்தால் வீணான வருடங்கள் ஏராளம், கவனமாகக் கேளுங்கள்.

இசிஏ குடிவரவு அலுவலகத்துக்கான காகிதம். செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர், பொறியாளர், ஆசிரியர், சில தொழிற்கலைஞர்கள் ஆகியோர் வேலை செய்ய வேறொரு காகிதம் வேண்டும்: உரிமம். அதைத் தருவது மத்திய அரசல்ல, அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. உரிமம் வேண்டிய வேலைகள் கனடாவில் சுமார் ஐந்தில் ஒன்று. அந்த ஐந்தில் ஒன்றில் உங்களுடையதும் சேர்ந்துவிட்டது.

உங்களுக்கான பாதை: முதலில் எந்த மாகாணம் என்று முடிவு செய்யுங்கள். சில மாகாணங்கள் நேரடியாக விண்ணப்பம் வாங்குகின்றன, சிலவற்றில் தேசியச் செவிலியர் மதிப்பீட்டு அமைப்பான என்என்ஏஎஸ் வழியாகப் போக வேண்டும். இரண்டிலும் உங்கள் கல்லூரியும், பதிவு செய்திருக்கும் நர்சிங் கவுன்சிலும், வேலை பார்த்த மருத்துவமனைகளும் தாங்களே நேரடியாகப் படிவம் அனுப்ப வேண்டியிருக்கும். நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. தாமதம் எல்லாம் இங்கேதான். பாடவாரியாகத் தியரி எத்தனை மணி, மருத்துவமனைப் பயிற்சி எத்தனை மணி என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பதற்கே மாதங்கள் ஆகும். கடல் கடந்தபின் இதைத் தொலைபேசியில் செய்ய முயல்வது நரகம். விசா வேலை தொடங்கும் அன்றே இதையும் தொடங்குங்கள். அடுத்து செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் பரீட்சை. பிரிட்டன் போகிறவர்களுக்கு இரண்டு கட்டம்: கணினித் தேர்வை ஊரிலிருந்தே எழுதலாம், ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு அங்கே போய்த்தான்.

பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்டாரியோவின் பொறியாளர் அமைப்பு 2023 மே மாதம் 12 மாதக் கனடிய அனுபவக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. 48 மாத அனுபவம் இன்னும் வேண்டும். அதை 34 திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையை எடுத்துக்காட்டி எழுத வேண்டும், அதைத் தெரிந்த ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். 'குழு செய்தது' என்று எழுதினால் மதிப்பில்லை, 'நான் கணக்கிட்டேன்' என்று இருக்க வேண்டும். உரிமம் வரும்வரை உரிமம் பெற்ற பொறியாளரின் கீழ் வேலை பார்க்கத் தடையில்லை. பெயருக்குப் பின்னால் 'பி.எங்' என்ற உரிமப் பட்டத்தை மட்டும் போட்டுக்கொள்ளக்கூடாது.

மருத்துவர்கள் நிலைதான் கடினம். பரீட்சையெல்லாம் தேறினாலும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) இடங்கள் கொஞ்சம். அனுபவமுள்ள குடும்ப மருத்துவர்களை நேரடியாக மதிப்பிட்டு எடுக்கும் திட்டம் சில மாகாணங்களில் இருக்கிறது. அந்த மாகாணத்தைப் பார்த்துப் போவதே மேல்.

கேள்வி: ஆஸ்திரேலிய விசாவுக்கு 65 புள்ளி போதும் என்கிறார்கள். கணினிப் பட்டம், 8 வருட அனுபவம், வயது 33. என் கணக்கில் சுலபமாக வருகிறதே? – மென்பொருள் பொறியாளர்

பதில்: உங்கள் 8 வருடம் அங்கே 8 வருடமாகப் போய்ச் சேராது. கணினித் துறையை மதிப்பிடும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம், பட்டம் தொழிலோடு நெருங்கியிருந்தாலும் வழக்கமாக முதல் 2 வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் 'திறமையானவர்' என்று எண்ணத் தொடங்கும். பட்டம் நெருங்காவிட்டால் கழிவு இன்னும் அதிகம். மீதி 6 வருடம்; அதற்கு 10 புள்ளி, நீங்கள் போட்ட 15 அல்ல. 32 வயது வரை 30 புள்ளி, 33-இல் அது 25. பட்டத்துக்கு 15. ஆங்கிலத்தில் எல்லாம் ஐஇஎல்டிஎஸ் 8-க்கு இணையாக இருந்தால் 20. 7 என்றால் 10. 6 என்றால் தகுதி உண்டு, புள்ளி இல்லை. மணமாகாதவருக்கு 10. நல்ல ஆங்கிலத்தோடு 80 வருகிறது.

65 என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். கணினிப் பணிகளில், மாநில நியமனம் தேவைப்படாத 189 விசாவுக்கு அழைப்பு வரும் எண் அதற்கு வெகு மேலே. மாநில நியமனமான 190-க்கு 5, வட்டாரப் பகுதிக்கான 491-க்கு 15 கூடும். இன்னும் ஒரு 5 இருக்கிறது, நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது: சமூக மொழித் தேர்வு. மொழிபெயர்ப்பாளர் அமைப்பான நாட்டி நடத்துகிறது. தமிழும் அதில் உண்டு. இரண்டு உரையாடல்களைக் கேட்டு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் வாய்மொழியாக மாற்ற வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோமே என்று தயாரிப்பில்லாமல் போனால் அடமானக் கடன், காப்பீட்டுக் கோரிக்கை, பரோல் போன்றவற்றில் நாக்கு நின்றுவிடும்.

மெக்கானிக்கல், சிவில் ஆட்களுக்கு மதிப்பீடு வேறு. பொறியியல் பட்டங்களை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் பரஸ்பர ஒப்பந்தத்துக்குள் வராத பட்டம் என்றால் மூன்று பணி அனுபவக் கட்டுரைகள் எழுதித் தர வேண்டும். இணையத்தில் விற்கும் மாதிரியை வாங்கி மாற்றி அனுப்புகிறார்கள். மதிப்பிடுபவர்கள் மென்பொருள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், பிடிபட்டால் நிராகரிப்பும் தடையும்.

கேள்வி: கணவருக்கு 10 வருட அனுபவம், எனக்கு 5. இயல்பாக அவரைத்தானே முதன்மை விண்ணப்பதாரராகப் போட வேண்டும்? – கணக்காளர்

பதில்: இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தபின் சொல்லுங்கள். கனடாவில் வெளிநாட்டு அனுபவம் 3 வருடத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஒன்றுதான். அவருடைய 10-உம் உங்கள் 5-உம் சமம். வயதும் மொழியும்தான் தீர்மானிக்கும், பெரும்பாலும் இளையவர் பக்கம் சாயும். துணைவரின் மொழிக்கு 20, படிப்புக்கு 10 வரை கிடைக்கும் என்பதால் இருவரும் பரீட்சை எழுதுவது நல்லது.

புள்ளி கூடட்டும் என்று துணைவரை 'உடன் வராதவர்' என்று காட்டச் சொல்பவர்கள் உண்டு. காட்டலாம், ஆனால் விண்ணப்பத்தில் பெயர் இருந்து மருத்துவப் பரிசோதனையும் ஆகியிருக்க வேண்டும். மறைத்தால் பின்னால் அவரைக் குடும்பமாக ஸ்பான்சர் செய்யும் வழியே அடைபடலாம்.

வேலைச் சந்தைக்கு வந்தால், முதன்மை விண்ணப்பதாரரின் தொழிலைப் பார்த்து ஊரைத் தேர்ந்து, மற்றவர் 'போனபின் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுவதுதான் வழக்கமான தவறு. உரிமம் வேண்டிய தொழில் யாருடையதோ, அவரைப் பார்த்து மாகாணத்தைத் தேர்ந்தெடுங்கள். கணினிக்காரருக்கு எந்த ஊரும் ஊர்தான்.

கேள்வி: பெரிய தொகை கட்டினால் கனடாவில் எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்கும் அரசு ஒப்புதல்) உடன் வேலைக் கடிதம் தருகிறேன், புள்ளி கூடும் என்கிறார் ஏஜென்ட். – வெல்டர்

பதில்: 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் வேலைக் கடிதத்துக்குப் புள்ளியே கிடையாது. இப்படி விற்கிறார்கள் என்பதற்காகத்தான் எடுத்தார்கள். எல்எம்ஐஏ கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்குவதும் சட்டவிரோதம். உரிமம் பெற்ற ஆலோசகரா என்று அவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டு, குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான கனடிய ஆலோசகர் கல்லூரியின் பொதுப்பதிவேட்டில் பாருங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் வேறொன்றும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: படிப்பு முடித்து வேலை அனுமதியில் இருக்கிறேன். எந்த வேலையானாலும் ஒரு வருடம் ஓட்டினால் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்கலாமா? – வணிகவியல் பட்டதாரி

பதில்: எந்த வேலையும் ஆகாது. என்ஓசி என்ற தொழில் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் டீர் 0 முதல் 5 வரை ஒரு நிலை உண்டு. 0, 1, 2, 3 மட்டுமே கணக்கில் வரும். உங்கள் துறையிலேயே பாருங்கள்: புக்கீப்பர் டீர் 2, கணக்குக் குமாஸ்தா டீர் 4. ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒன்று தேறும், மற்றது தேறாது. பதவிப் பெயரை வைத்து முடிவாகாது, செய்யும் வேலையை வைத்துத்தான். மாதக் கடைசியில் ட்ரையல் பேலன்ஸ் போடுவது, லெட்ஜரைச் சரிகட்டுவது, வரி அறிக்கை தயாரிப்பது உங்களிடம் இருந்தால் புக்கீப்பர். பில்லைப் பதிவு செய்வது மட்டும் என்றால் குமாஸ்தா. வேலையில் சேரும்போதே இதை முதலாளியிடம் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 1,560 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு 30-க்கு மேல் செய்வது கூடுதலாக எண்ணப்படாது, முழுநேர மாணவராக இருந்தபோது செய்ததும் சேராது.

வயிற்றுப்பாட்டுக்குக் கடையிலோ கிடங்கிலோ நிற்பதில் தப்பில்லை. மாலை, வார இறுதி ஷிஃப்டாகக் கேளுங்கள். நேர்காணல் எல்லாம் வாரநாள் பகலில்தான் நடக்கிறது. அந்த நேரத்தை விற்றுவிட்டால் வெளியே வருவது சிரமம்.

கேள்வி: ஆரம்பத்தில் சம்பளம் குறைந்தாலும் 10–15 வருடத்தில் உள்ளூர்க்காரர்களை எட்டிவிடலாம் என்று படித்தேன். உண்மையா? – பொருளியல் ஆசிரியர்

பதில்: அந்தக் கணக்கு அமெரிக்கப் பொருளியலாளர் பேரி சிஸ்விக் 1978-இல் வெளியிட்டது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வந்து வெகு காலமான குடியேறிகள் புதியவர்களைவிட நிறையச் சம்பாதிப்பதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார். ஜார்ஜ் போர்ஹாஸ் 1985-இல் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார். ஒரே நாளில் எடுத்த குடும்பப் படத்தில் அண்ணன் உயரம், தம்பி குட்டை. தம்பியும் நாளை அந்த உயரம் வருவான் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? அவர்கள் வேறு வேறு ஆட்கள். முந்தைய காலத்தில் வந்தவர்கள் வேறு தகுதியோடு வந்தவர்களாக இருக்கலாம். ஒரே கூட்டத்தை 1970-இலும் 1980-இலும் தொடர்ந்து பார்த்தபோது ஏற்றம் இருந்தது, ஆனால் சிஸ்விக் சொன்னதைவிட மெதுவாக. வகுப்பில் சொல்லிக்கொடுக்க அருமையான பாடம் இது. ஒரு வருடத் தரவை வைத்து ஒரு வாழ்க்கையைக் கணிப்பதன் ஆபத்து.

கேள்வி: ஜெர்மனிக்குப் போய் வேலை தேட அனுமதிக்கும் சான்சென்கார்டெ அட்டைக்கு 6 புள்ளிதானாம். ஜெர்மன் தெரியாமல் போகலாமா? – எலக்ட்ரிக்கல் பொறியாளர்

பதில்: விசா வாங்கலாம். 35 வயதுக்குள் என்றால் 2, கடந்த 7 வருடத்தில் 5 வருடத் துறை அனுபவத்துக்கு 3, ஆங்கிலம் சி1 நிலைக்கு 1. ஆறு ஆகிவிட்டது, ஜெர்மன் ஒரு சொல்கூட வேண்டியதில்லை. பட்டமும் கல்லூரியும், வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியலிடும் ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளத்தில் அங்கீகாரத்தோடு இருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. சிக்கல் அதற்குப் பிறகு. அட்டை ஒரு வருடத்துக்கு. அதற்குள் துறையில் வேலை தேட வேண்டும். பகுதிநேரமாக வாரத்துக்கு 20 மணி வேலை செய்யலாம். பெருநகர மென்பொருள் நிறுவனங்களைத் தவிர்த்தால் மின்துறை வேலைகளில் தளத்தில் பேசுவதும் பாதுகாப்பு விதிகளும் ஜெர்மனில்தான். ஜெர்மனில் பி1 நிலை முடித்துவிட்டு ஏறுங்கள். புள்ளியும் 2 கூடும்.

கேள்வி: பழைய கம்பெனி எச்ஆர் 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார்' என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். வேலை விவரம் எழுத மாட்டோம் என்கிறார்கள். – தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர்

பதில்: கனடிய அதிகாரி தேடுவது: லெட்டர்ஹெட், பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி, சம்பளம், செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் பெயரும் தொடர்பும். எச்ஆர் கடிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உங்களுக்கு நேர் மேலே இருந்த அதிகாரியிடம் வேலை விவரத்தை நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமாக வாங்குங்கள். அவர் அந்தக் காலத்தில் அங்கே இருந்ததற்கான ஆதாரமும் சேர வேண்டும். நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் காகிதம், சம்பளம் வந்த வங்கிப் பக்கங்கள் ஆகியவற்றோடு, கம்பெனி விவரம் தர மறுத்ததற்கான மின்னஞ்சலையும் இணைத்து ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். மறுப்பை வாய்மொழியாக வாங்காதீர்கள், மின்னஞ்சலில் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

என்ஓசி தளத்தில் உள்ள வரிகளை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது வேண்டாம். அதைத் தினமும் படிப்பவர்தான் உங்கள் கோப்பையும் படிக்கிறார். செய்யாத வேலையை எழுதினால் 5 வருடத் தடை. இப்போது வேலையில் இருப்பவர்கள், மேலதிகாரி மாறிப்போவதற்கு முன்பே இந்தக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.